பேனலில் லோடு தப்பாக வருகிறதா? ரெவிட்டில் சர்க்யூட் கணக்கைச் சரிபார்க்கும் வழி

டிப்ளமோவோ பி.இ.யோ எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டு, ஓசூரிலும் பெங்களூரிலும் பில்டிங் டிசைன் ஆபீஸ்களில் புதிதாகச் சேரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வயரிங் தெரியும், ஓம் விதி தெரியும், எம்சிபி எப்படி வேலை செய்யும் என்றும் தெரியும். ஆனால் ரெவிட்டை (கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருள்) திறந்து நாலு விளக்கை வைத்து பேனலில் கோர்த்ததும் லோடு பூஜ்யம் என்று காட்டினால் கை நின்றுவிடுகிறது. இல்லையென்றால் பத்தாயிரம் வர வேண்டிய இடத்தில் பதிமூன்றாயிரம் வருகிறது. எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்லித் தர பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

அந்த நேரத்தில் பலர் செய்வது, எண்ணை எக்செல்லில் எடுத்துப் போட்டுத் திருத்தி டிராயிங்கில் ஒட்டிவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் கேபிள் அளவு, எம்சிபி, ஜெனரேட்டர், மின்வாரியத்தில் கேட்கும் லோடு எல்லாம் முடிவாகிறது. மாடலில் ஒன்று, காகிதத்தில் ஒன்று என்று ஆகிவிட்டால், அடுத்த திருத்தம் வரும்போது எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

பேனலில் தெரியும் எண்ணை யாரும் அங்கே தட்டுவதில்லை. ஒவ்வொரு விளக்கிலும் ஃபேனிலும் பிளக் பாயிண்டிலும் உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன எண்கள் மேலே ஏறி அங்கே கூடுகின்றன. அதனால் தப்பைத் தேடுவதும் கீழிருந்து மேலே போக வேண்டும். ஆனால் தேடத் தொடங்கும் முன், எவ்வளவு வர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலில் காகிதத்தில் கணக்கு

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் ரோட்டோரத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சாப்பாட்டுக் கூடத்தின் டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, ரெவிட்டில் பேனல் என்பது இதுதான்) மட்டும் நம் உதாரணம்.

கூடத்தில் 36 வாட் எல்இடி பேனல் விளக்கு 40. பவர் ஃபேக்டர் 0.9 என்று எடுத்தால் ஒன்றுக்கு 40 விஏ (வோல்ட்-ஆம்பியர், வாட்டைப் பவர் ஃபேக்டரால் வகுத்தால் வருவது), ஆக மொத்தம் 1,600 விஏ. 60 வாட் சீலிங் ஃபேன் 30, அதே 0.9 பவர் ஃபேக்டரில் 2,000 விஏ. 6 ஆம்பியர் சாக்கெட் 12, ஒன்றுக்கு 100 என்று 1,200. பரிமாறும் மேடைப் பக்கம் 16 ஆம்பியர் சாக்கெட் 6, ஒன்றுக்கு 1,000 என்று 6,000. எல்லாம் சேர்ந்து 10,800 விஏ.

சாக்கெட்டுக்கு 100, 1,000 என்ற எண்களும் ஃபேனுக்கு 60 வாட்டும் நம் ஊர் வயரிங் விதிமுறையில் காலங்காலமாக எஸ்டிமேட்டுக்கு எடுப்பவை. விளக்கு, ஃபேன் சர்க்யூட் ஒன்றில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் போகாமலும், பவர் சர்க்யூட்டில் 2 பாயிண்ட், 3,000 வாட்டுக்கு மேல் போகாமலும் பிரிப்பதும் அப்படித்தான். அதன்படி விளக்குக்கு 4 சர்க்யூட், ஃபேனுக்கு 3, சின்ன சாக்கெட்டுக்கு 2, பெரிய சாக்கெட்டுக்கு 3, ஆக 12. நாலு வழி டிபிஎன் (மூன்று ஃபேஸும் நியூட்ரலும் வரும்) டிபியில் சரியாக 12 சிங்கிள் போல் எம்சிபி நிற்கும். ஆனால் ஸ்பேருக்கு இடமே இருக்காது என்பதால் ஆறு வழி போடுவதுதான் நல்லது.

மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரிந்தால் ஃபேஸுக்கு 3,600 விஏ. 240 வோல்ட்டில் 15 ஆம்பியர். இந்த நாலைந்து வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் ரெவிட்டைத் திறங்கள். கூடத்துக்கு ஒரு பக்கம் போதும்.

வித்தியாசத்தைப் படியுங்கள்

பேனல் 10,800 காட்டவில்லை என்றால் உடனே ஒவ்வொரு விளக்காகச் சொடுக்கிப் பார்க்க வேண்டாம். காட்டும் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். குற்றவாளி யார் என்று பெரும்பாலும் அந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

9,200 வந்தால் குறைவது 1,600. அது விளக்குகளின் மொத்தம். ஒன்று விளக்குகள் சர்க்யூட்டிலேயே இல்லை, இல்லையென்றால் விளக்கு ஃபேமிலியின் (ரெவிட்டில் ஒரு வகைச் சாதனத்துக்கான மாதிரி ஃபைல்) கனெக்டரில் (அதன் மின் இணைப்புப் புள்ளி) லோடு பூஜ்யம். 9,800 வந்தால் ஒரே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் வெளியே நிற்கிறது. 10,640 வந்தால் குறைவது 160. 40 விளக்கு, ஒன்றுக்கு 4 குறைவு. 40 விஏ போட வேண்டிய இடத்தில் 36 வாட்டை அப்படியே போட்டிருக்கிறார்கள். 13,200 வந்தால் கூடுவது 2,400; விளக்கு ஒன்றுக்கு 60 கூடுதல். ஃபேமிலியை யாரோ எங்கிருந்தோ இறக்கியபோது அதில் இருந்த 100 விஏ மாறாமல் அப்படியே இருக்கிறது.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வித்தியாசத்தைப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முழு எண்ணாக வந்தால், பெரும்பாலும் அந்த வகை முழுக்க ஒரே தப்பு. வராவிட்டால் இரண்டு தப்பு கலந்திருக்கலாம், ஒவ்வொரு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணே தெரியாமல் 0 கேவிஏ என்று இருந்தால் முதலில் புராஜெக்ட் யூனிட்ஸ் போய்ப் பாருங்கள். எலக்ட்ரிக்கல் பிரிவில் அப்பேரன்ட் பவருக்கு (விஏ கணக்குக்கு) கேவிஏ, தசமம் இல்லாமல் என்று வைத்திருந்தால் 400 விஏ சர்க்யூட் பூஜ்யமாகத்தான் தெரியும். விஏ என்று மாற்றினால் உண்மை எண் வந்துவிடும். ஸ்கிரிப்ட் எழுதி லோடுகளை வெளியே எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா எண்ணும் 10.76 மடங்காக வந்தால் பயப்பட வேண்டாம். ரெவிட் உள்ளுக்குள் நீளத்தை அடியில் வைத்துக்கொள்வதால் பவரும் அப்படி மாறிப்போகிறது. யூனிட் மாற்றிப் படித்தால் சரியாகிவிடும்.

பேனலே பட்டியலில் வரவில்லை என்றால்

சில சமயம் லோடு பார்க்கும் அளவுக்கே போக முடியாது. விளக்கைத் தேர்ந்தெடுத்து பவர் சர்க்யூட் உருவாக்கிவிட்டு, பேனலைத் தேர்வு செய்யப் போனால் பட்டியல் காலி. புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இது. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் வோல்டேஜ்தான்.

ரெவிட்டோடு வரும் அமெரிக்க டெம்ப்ளேட்டில் 120/208, 277/480 என்ற வோல்டேஜ்கள் இருக்கும். நம் 240/415 அதில் இருக்காது. மேனேஜ் டேபில் எம்இபி செட்டிங்ஸ், அதில் எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸ். கீபோர்டில் இ, எஸ் தட்டினாலும் அது திறக்கும். வோல்டேஜ் டெஃபனிஷன்ஸில் 240 இல்லாவிட்டால் ஒன்று சேர்த்து குறைந்தபட்சம் 220, அதிகபட்சம் 250 கொடுங்கள். 415 என்று இன்னொன்று, 380 முதல் 440 வரை. இந்த இடைவெளி ஏன் என்றால், நம் ஊரில் ஒரு கம்பெனி ஃபேமிலியில் 230 என்று இருக்கும், இன்னொன்றில் 240 என்று இருக்கும். இடைவெளி இருந்தால் இரண்டையும் ஒரே பேனல் ஏற்றுக்கொள்ளும்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம்ஸ். த்ரீ ஃபேஸ், 4 வயர், லைனுக்கு லைன் 415, லைனுக்கு கிரவுண்ட் 240. நாம் ஸ்டார் என்பது அங்கே வை என்று இருக்கும். இதை உருவாக்கிவிட்டு, பேனலைச் சொடுக்கி அதன் டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டத்தில் இதைக் கொடுங்கள். கொடுக்காத பேனல், சர்க்யூட்டின் கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கப் போனால் பட்டியலில் நீங்கள் உருவாக்கிய சிஸ்டம் இல்லையா? பேனல் ஃபேமிலியின் சொந்தக் கனெக்டரில் வேறு வோல்டேஜ் இருக்கிறது. அதைத் திறந்து 415, மூன்று போல் என்று மாற்ற வேண்டும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஏசி, வாட்டர் ஹீட்டர் ஃபேமிலிகள் பலவற்றில் 240 வோல்ட், 2 போல் என்று இருக்கும். அமெரிக்காவில் 240 வோல்ட் என்பது இரண்டு லைனுக்கு நடுவில் எடுப்பது. ஆகவே ரெவிட் அதை லைனுக்கு லைன் 240 என்று புரிந்துகொள்ளும். நம் பேனலில் லைனுக்கு லைன் 415. பொருந்தாது, பேனல் வராது. போல் எண்ணிக்கையை 1 ஆக்கினால் உடனே வந்துவிடும். வோல்டேஜ் சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

கனெக்டர்: எல்லாம் இங்கேதான்

லோடு பூஜ்யமாகவோ மாறாமலோ இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஃபேமிலிக்குள் இருக்கும் கனெக்டரில்தான் போய் நிற்கும் என்பது என் அனுபவம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விளக்கைத் தேர்ந்தெடுத்து எடிட் ஃபேமிலி. ஃபேமிலி எடிட்டரில் விளக்கின் மேல் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கனெக்டர் இருக்கும். திரீ டி பார்வைக்குப் போனால் எளிதாகக் கண்ணில் படும். இல்லவே இல்லை என்றால் அந்த விளக்கு வெறும் வடிவம்தான், சர்க்யூட்டில் சேரவே சேராது. இருந்தால் அதைச் சொடுக்கி பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். சிஸ்டம் டைப், வோல்டேஜ், போல் எண்ணிக்கை, அப்பேரன்ட் லோடு, பவர் ஃபேக்டர், லோடு கிளாசிஃபிகேஷன் என்று வரிசையாக இருக்கும்.

சிஸ்டம் டைப்பில் பவர் பேலன்ஸ்டு, பவர் அன்பேலன்ஸ்டு என்று இரண்டு உண்டு. பேலன்ஸ்டு என்றால் அப்பேரன்ட் லோடு ஒரே கட்டம். அன்பேலன்ஸ்டு என்றால் ஃபேஸ் 1, 2, 3 என்று மூன்று கட்டம். அன்பேலன்ஸ்டில் வைத்துவிட்டு ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிய த்ரீ ஃபேஸ் மோட்டார் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். வித்தியாசத்தைப் படிக்கும்போது சரியாக மூன்றில் இரண்டு பங்கு காணவில்லை என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒவ்வொரு கட்டத்தின் வலது ஓரத்திலும் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஃபேமிலியின் பாராமீட்டர்கள் பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் கனெக்டரும் அந்தப் பாராமீட்டரும் கட்டுப்படும். கட்டியிருந்தால் பொத்தானில் சமக்குறி தெரியும். கட்டாமல் விட்ட ஃபேமிலியில் நடப்பது இதுதான்: புராஜெக்டில் டைப் பிராப்பர்ட்டீஸில் 36 வாட்டை 18 ஆக்குவீர்கள், அங்கே எண் மாறும், பேனலில் ஒரு விஏகூட மாறாது. நீங்கள் மாற்றியது வெறும் எழுத்து. கனெக்டருக்கு அந்தச் செய்தியே போகவில்லை.

வாட்டேஜ் ஒரு பாராமீட்டராகவும் பவர் ஃபேக்டர் இன்னொன்றாகவும் இருந்தால், அப்பேரன்ட் லோடு பாராமீட்டருக்கு வாட்டேஜ் வகுத்தல் பவர் ஃபேக்டர் என்று ஃபார்முலா போடுங்கள். வாட்டையும் விஏவையும் ரெவிட் ஒரே இனமாகத்தான் பார்க்கிறது, ஏற்றுக்கொள்ளும். ஆனால் வெறும் நம்பர் வகைப் பாராமீட்டரில் 40 என்று வைத்து அதை இழுத்தால் யூனிட் பொருந்தவில்லை என்று மறுக்கும். 1 விஏவால் பெருக்கிக் கொடுத்தால் போதும்.

ஃபேமிலியைத் திருத்தி புராஜெக்டில் மறுபடி ஏற்றும்போது ரெவிட் ஒரு கேள்வி கேட்கும்: பழையதை மட்டும் மாற்றவா, அதன் பாராமீட்டர் மதிப்புகளையும் சேர்த்து மாற்றவா என்று. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் உள்ளே திருத்திய 40 விஏ வராது. புராஜெக்டில் ஏற்கெனவே இருந்த 100 விஏ தொடரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்புகள் வரும், ஆனால் புராஜெக்டில் யாராவது வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்ததும் அழிந்துவிடும். டீமில் கேட்டுவிட்டு அழுத்துங்கள். வோல்டேஜையோ போலையோ மாற்றி ஏற்றியிருந்தால் பழைய சர்க்யூட்டிலிருந்து சாதனங்கள் கழன்றிருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யார் வெளியே நிற்கிறார்கள்?

கனெக்டர் சரி, வோல்டேஜ் சரி, ஆனாலும் குறைகிறது. அப்படியானால் யாரோ சர்க்யூட்டில் சேரவில்லை. எஃப் 9 அழுத்தினால் சிஸ்டம் பிரவுசர் திறக்கும். எலக்ட்ரிக்கல் பிரிவில் அன்அசைன்டு என்று ஒரு கிளை இருக்கும். எந்தப் பேனலிலும் சேராத சாதனங்கள் அதற்குள் கிடக்கும். ஒன்றைச் சொடுக்கினால் பிளானில் அது எங்கே என்று வெளிச்சமாகும். கூடத்தின் மூலையில், பில்லருக்குப் பின்னால் காப்பி பண்ணி வைத்த விளக்கு ஒன்று இப்படித் தனியே நிற்பது வழக்கம்.

ஒரு விளக்கின் மேல் மவுஸை வைத்து டேப் கீயைத் தட்டிக்கொண்டே போனால் அந்தச் சர்க்யூட் முழுக்கக் கோடுகளாகத் தெரியும். 10 விளக்கு இருக்க வேண்டிய சர்க்யூட்டில் 9 தெரிந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். அனலைஸ் டேபில் செக் சர்க்யூட்ஸ், ஷோ டிஸ்கனெக்ட்ஸ் இரண்டும் இதே வேலைக்குத்தான். வயர் வரைந்திருந்தால் சர்க்யூட் ஆகிவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிளானில் வளைந்து போகும் வயர் படத்துக்கானது. அது இல்லாமலும் சர்க்யூட் இருக்கும்.

ஒரே ஃபேமிலியில் இரண்டு பவர் கனெக்டர் இருக்கலாம், சாதாரண சப்ளைக்கு ஒன்று, எமர்ஜென்சிக்கு ஒன்று என்று. ஒன்றைச் சர்க்யூட்டில் சேர்த்துவிட்டு மற்றதை மறந்தால் பாதி லோடு வராது. அதுபோல, ஆர்க்கிடெக்ட் அனுப்பிய லிங்க் ஃபைலில் இருக்கும் விளக்கையும் உங்கள் பேனலில் கோர்க்க முடியாது. காப்பி மானிட்டர் மூலம் உங்கள் ஃபைலுக்கு எடுத்தால்தான் கோர்க்கலாம்.

மோட்டாருக்கு எச்.பி.யை அப்படியே போடாதீர்கள்

நம் பக்கத்தில் போர்வெல் இல்லாத கட்டடம் அரிது. ஃப்ளோரைடு பிரச்சினையால் ஆர்ஓ பிளான்ட்டும் பல மண்டபங்களில் உண்டு. இரண்டையும் லோடு பட்டியலில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிளம்பிங் டிராயிங்கை வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5 எச்.பி. மோட்டார் என்றால் 3,730 வாட். ஆனால் அது தண்டில் கிடைக்கும் வேலை. மோட்டாரின் திறன் 80 சதவீதம் என்றால் லைனிலிருந்து இழுப்பது 4,660 வாட் அளவில். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் சுமார் 5,830 விஏ. 415 வோல்ட் த்ரீ ஃபேஸில் 8.1 ஆம்பியர். கனெக்டரில் 3,730 என்று போட்டவர் 2,100 விஏ குறைத்துவிட்டார். மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஆம்பியர் இருந்தால் அதிலிருந்தே திருப்பிக் கணக்குப் போடுங்கள், அதுதான் நம்பகமானது.

டிமாண்ட் ஃபேக்டர்: கனெக்டடும் டிமாண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

பேனல் ஷெட்யூலின் அடியில் லோடு கிளாசிஃபிகேஷன் வாரியாக ஒரு சின்ன அட்டவணை இருக்கும். கனெக்டட் லோடு (இணைத்த மொத்தம்), டிமாண்ட் ஃபேக்டர் (அதில் ஒரே நேரத்தில் ஓடும் பங்கு), எஸ்டிமேட்டட் டிமாண்ட் (இரண்டையும் பெருக்கினால் வருவது). நம் கூடத்தில் கனெக்டட் 10,800, டிமாண்டும் 10,800 என்று வந்தால், பெரும்பாலும் எல்லாச் சாதனமும் அதர் என்ற பொது வகையில் விழுந்திருக்கிறது. அதற்கு 100 சதவீதம்தான்.

சரிசெய்ய, எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸில் லோடு கிளாசிஃபிகேஷன்ஸ் போய் சாக்கெட், விளக்கு, ஃபேன், மோட்டார், ஏசி என்று வகைகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிமாண்ட் ஃபேக்டர் கொடுங்கள். எப்போதும் ஒரே சதவீதம், எண்ணிக்கையைப் பொறுத்து, லோடு அளவைப் பொறுத்து என்று மூன்று வழி உண்டு. பின் ஃபேமிலிக் கனெக்டரில் அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செட்டிங்ஸில் வகையை உருவாக்கிவிட்டு ஃபேமிலியில் மாற்ற மறப்பதுதான் இங்கே வழக்கமான தப்பு.

எவ்வளவு சதவீதம் என்பது மென்பொருள் சொல்லித் தருவதில்லை, அது உங்கள் பொறுப்பு. இங்கே கட்டடத்தின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியாது, குறைக்கலாம். முகூர்த்த நாள் சாயங்காலம் மண்டபத்தில் எல்லா விளக்கும் எரியும், எல்லா ஃபேனும் ஓடும். அதை 100 சதவீதத்திலேயே விடுங்கள். சாக்கெட்டுகள் அப்படி இல்லை. 50 சதவீதம் என்று எடுத்தால் 7,200 என்பது 3,600 ஆகும். விளக்கு, ஃபேன் 3,600 சேர்த்து டிமாண்ட் 7,200 விஏ. சமையல்கூடத்து கிரைண்டருக்கு மட்டும் நான் குறைக்கவே மாட்டேன். விடியற்காலை டிபனுக்கு அத்தனையும் ஒன்றாக ஓடும்.

மெயின் பேனலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீழே உள்ள டிபிகளின் டிமாண்ட் எண்களை ரெவிட் அங்கே கூட்டுவதில்லை. கனெக்டட் லோடுகளை வகைவாரியாகச் சேர்த்து, மொத்தத்தின் மேல் ஃபேக்டரை மறுபடி போடுகிறது. லோடு அளவைப் பொறுத்து மாறும் ஃபேக்டர் வைத்திருந்தால், டிபிகளைக் கூட்டினால் வரும் எண்ணும் மெயினில் வரும் எண்ணும் பொருந்தாது. அது தப்பு இல்லை. கனெக்டட் லோடு மட்டும் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். அது பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு டிபி மெயினில் இணைக்கப்படாமல் நிற்கிறது.

ஃபேஸ் பங்கீடு

மொத்தம் 10,800 சரியாக வந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். ஒருமுறை சைட்டில் டிபி முன்னால் கிளாம்ப் மீட்டரோடு நின்ற வயர்மேன் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மொத்தம் சரிதான் தம்பி, ஆர் ஃபேஸ் மட்டும் ஏன் இப்படி இழுக்குது?” ஆர், ஒய், பி (சிவப்பு, மஞ்சள், நீலம்) என்பவை நம் மூன்று ஃபேஸ்கள். டிராயிங்கில் பார்த்தால் பெரிய சாக்கெட் சர்க்யூட் மூன்றும் ஒரே ஃபேஸில்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு வரிசைப் பேனலில் 1, 2 இரண்டும் ஒரே ஃபேஸ். 3, 4 அடுத்தது. 5, 6 மூன்றாவது. 7, 8 மறுபடி முதல் ஃபேஸ். இடது பக்கம் 1, 3, 5 என்று போகும் அமெரிக்க அமைப்பு இது. உங்கள் மூன்று பவர் சர்க்யூட்டும் 1, 2, 7 இடங்களில் உட்கார்ந்தால் ஆர் ஃபேஸில் 6,000 விஏ, 25 ஆம்பியர். மிச்சம் 4,800 மற்ற இரண்டிலும் பிரிந்து 10 ஆம்பியர் வீதம். கூட்டினால் அதே 10,800, ஆனால் டிபி சமமாக இல்லை.

பவர் சர்க்யூட் ஒன்று, ஃபேன் சர்க்யூட் ஒன்று என்று ஒவ்வொரு ஃபேஸுக்கும் முதலில் கொடுங்கள். அப்புறம் ஆர், ஒய் இரண்டிலும் ஒரு விளக்கு, ஒரு சின்ன சாக்கெட் சர்க்யூட். பியில் இரண்டு விளக்குச் சர்க்யூட். ஆர் 3,667, ஒய் 3,667, பி 3,467 என்று வரும். இதைவிடச் சமம் தேவையில்லை.

பேனல் ஷெட்யூலைத் திறந்தால் ரீபேலன்ஸ் லோட்ஸ் என்ற பொத்தான் இதைத் தானாகவே செய்யும். வேலையின் தொடக்கத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் சைட்டுக்கு டிராயிங் போன பிறகு தொடவே வேண்டாம். சர்க்யூட் இடங்கள் மாறும், எண்களும் மாறும். அங்கே வயர்மேன் டிபி கதவின் உள்பக்கம் பழைய எண்ணைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி முடித்திருப்பார். மாற்றக் கூடாத சர்க்யூட்டுகளை ஷெட்யூலிலேயே லாக் பண்ணி வைக்கலாம்.

ஃபேஸ் பெயர்கள் ஏ, பி, சி என்று வருவதும் சைட்டில் குழப்பும். ரெவிட்டின் பி நடு ஃபேஸ், நம் பி நீலம். எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸின் ஜெனரல் பக்கத்தில் சர்க்யூட் பெயரிடலுக்கான ஃபேஸ் லேபிள்களை ஆர், ஒய், பி என்று மாற்றிக்கொள்ளலாம். பேனல் ஷெட்யூல் டெம்ப்ளேட்டின் தலைப்பையும் அதற்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். திருத்தியதை உங்கள் ஆபீஸ் டெம்ப்ளேட் ஃபைலிலேயே, 240/415 வோல்டேஜ், டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம், லோடு வகைகள் எல்லாவற்றோடும் சேமித்து வைத்தால், அடுத்த மண்டபத்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.